நேரடி

படிவத்தில் ஒரு கட்டம்: முதலீட்டின் வகை.
"நேரடி" என்று அடித்துவிட்டு
விரலை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஜூலை பதினைந்து, கடைசி நாள்.
சேதராப்பட்டில் கரண்ட் போய்விட்டது.
யூபிஎஸ் இன்னும் பத்து நிமிடம் தாங்கும்.

நேரடி என்றால் எனக்குத் தெரிந்தது
சேத்தியாத்தோப்புப் பக்கம்
நேரடி நெல் கொள்முதல் நிலையம்.
இருந்த ஒரே தார்ப்பாயை மூட்டைகளுக்குப் போர்த்திவிட்டு
என் மாமனார் அங்கே
நான்கு இரவு நேரடியாக நனைந்தார்.

இந்தப் பணம் அப்படி வரவில்லை.
டென்மார்க்கில் புறப்பட்டு, சிங்கப்பூரில் இறங்கி ஏறி,
மும்பையில் ஒரு வாரம்
யார் நீ, எதற்கு வந்தாய் என்று கேட்கப்பட்டு,
நூறடிச் சாலைக் கிளைக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.
அன்றைக்குத்தான் மேலாளர்
கலிவரதனை உட்காரச் சொன்னார்.
ஒன்பது வருடம் அந்த மேசைக்கு இந்தப் பக்கம்
நின்றே கையெழுத்துப் போட்டவர்.
பின்னால் ஒரு நாற்காலி இருப்பதே
அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நேரடியாக வந்தவர் ஹென்ரிக் மட்டும்.
லாபம் எவ்வளவு என்று கேட்கவில்லை.
பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்றார்.
இல்லை.
கணக்கெழுத வந்த நாள்முதல்
நான் சொல்லிக்கொண்டிருந்த தாழ்ப்பாள்.
பிறகு ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார்.
அமுக்கினார், விட்டார்,
அமுக்கினார், விட்டார்.
முத்தாலு மூச்சுக்குள் எண்ணினாள்: நாற்பத்தொன்று.
எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு
"நன்றி" என்றார்.
அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்.

இருபத்தாறு விழுக்காடு.
நடத்தப் போதாது.
வேண்டாம் என்று சொல்லப் போதும்.

இரண்டாவது ஷெட் எழுந்தது.
சொன்னபடி கம்பி வளைக்கும் எந்திரம்
பஞ்சில் சுற்றிய மாப்பிள்ளைபோல் வந்து இறங்கியது.
முப்பத்தொரு பேர் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனோம்.
வில்லியனூரில் அட்டைப்பெட்டி மடிக்கும் தெரேசாள்
நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள்,
நால்வரில் ஒருத்தி தவணைக்கு ஸ்கூட்டி எடுத்தாள்,
அந்த ஸ்கூட்டியில் அவள் தம்பி
திருக்கனூரிலிருந்து பாலிடெக்னிக் போகிறான்,
போகிற வழியில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு
இரண்டு முறை ஐம்பது ரூபாய்.
இது எங்கே போய் நிற்கிறது என்று
படிவம் கேட்கவில்லை.

கேட்காததில் வேறொன்றும் இருக்கிறது.
கடலூர் முதுநகர்க் கம்பிக்காரர் கோதண்டபாணி.
பன்னிரண்டு வருடம் கடனுக்குத் தந்தவர்,
ஒரு சான்றிதழ் இல்லாமல் நின்றுபோனார்.
தீபாவளிக்கு இப்போதும்
அவர் வீட்டு இனிப்பு வருகிறது.
அதுதான் கஷ்டம்.

நமக்கு மதியம் ஒன்றரை, அவர்களுக்குக் காலை பத்து.
திரையில் அவர்கள் காபி குடிக்கிறார்கள்.
மேசைக்கடியில் எங்கள் டிபன் பாக்ஸ்கள்
மூடியபடி ஆறுகின்றன.

ஆயுதபூஜைக்கு எலுமிச்சைக்குத் தடையில்லை,
கற்பூரத்துக்குத் தீ விதி.
கலிவரதன் யோசித்தார்.
கொளுத்தாத கற்பூரத்தைத் தட்டில் வைத்து
புது எந்திரத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினார்.
எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.
ஹென்ரிக் அனுப்பிய ஆய்வாளரும்
ஒற்றிக்கொண்டார்.

இந்த வருடம் ஈவுத்தொகை போகிறது,
வந்த வழியிலேயே, மும்பை தாண்டி.
போகட்டும். விதைத்தவன் கதிரைக் கேட்பான்.
நாற்றங்கால் யார் பேரில் என்பதை மட்டும்
வருடா வருடம் நான்
எண்ணால் எழுதுகிறேன்.

யூபிஎஸ் கத்துகிறது.
அவர்கள் பணத்தில் வாங்கிய ஜெனரேட்டர்
இருமி, தும்மி, பிடித்துக்கொள்கிறது.
"நேரடி"யை அப்படியே விட்டு
அனுப்பு என்பதை அழுத்துகிறேன்.

ஒப்புகை எண் வருவதற்குள்
கழிப்பறைக்குப் போய் வரலாம்.
தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம்.
யாரிடமாவது சொல்லி
எண்ணெய் விடவேண்டும்.